கண்டி மலையேறும் புகைவண்டி

கொழும்புக் கோட்டை நிலையத்தில் கண்டிக்குச் சீட்டெடுக்கும் பயணி, வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்க மறந்தாலும் மறப்பார். எந்தப் பக்கத்துச் சாளரத்தருகே அமர்வது நலம் என்று கேட்க மறக்கமாட்டார். அவ்வழியில் பழகியவர்கள் "வலப்பக்கம்" என்று தயங்காது விடை கூறுவர். ரம்புக்கனையைக் கடந்தபின் இடப்பக்கத்தில் பெரும்பாலும் தெரிவது மலைச்சுவர். வலப்பக்கத்தில் விரிவதோ ஆழ்ந்த பள்ளத்தாக்கு. படிப்படியாக இறங்கும் வயல்களும், தென்னையும் கமுகும் சூழ்ந்த சிற்றூர்களும், அவற்றுக்கப்பால் நூலொன்றை மூடிவைத்தாற்போல் தட்டையான உச்சியுடன் நிற்கும் பத்தலேகலைக் குன்றும் அங்கே தோன்றும். அக்குன்றுக்கு ஆங்கிலேயர் பைபிள் குன்று என்று பெயரிட்டனர்.

வண்டியிலிருந்து நாட்டைக் காண்பது ஓர் இன்பம். நாட்டின் நடுவே நின்று வண்டியைக் காண்பது மற்றோர் இன்பம். சமவெளியில் நின்று பார்ப்பவருக்கு வண்டி ஓர் இரைச்சலாக வந்து, ஒரு காற்றாகப் போய்விடும். அதனை நன்கு காணவேண்டுமாயின், அது விரைய இயலாத இடத்தைத் தேடல் வேண்டும். ஏற்றமும் வளைவும் கூடி, எஞ்சின் மூச்சிரைக்கும் இடமே புகைவண்டியைக் காண்பதற்கு உகந்த இடம். இலங்கையில் அத்தகைய இடங்களுள் தலைசிறந்தது கண்டிக்கு மேற்கேயுள்ள கடுகண்ணாவைக் கணவாய். வண்டி ஏன் அங்கே மெதுவாகச் செல்கிறது என்று ஆராயப் புகுந்தால், அது இந்த நாட்டின் மூன்று நூற்றாண்டு வரலாற்றில் கொண்டுபோய் விடும்.

கணவாயின் நடுவே பலனை என்றொரு சிறு நிலையம் உண்டு. 'பார்க்கின்ற' என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். புகைவண்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அது பார்வைக்குரிய இடமாக இருந்தது. அங்கே நின்றவர்கள் இயற்கை எழிலை நோக்கி நின்றவர்களல்லர். கீழ்நாட்டிலிருந்து பகைவர் வருகின்றனரா என்று கண்காணித்த காவலர்கள். கண்டி இராச்சியத்தின் மேற்கு வாயில் பலனை. 1603ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி தொம் ஜெரோனிமோ த அசவேதோ பலனைக் கோட்டையைக் கைப்பற்றியும் அங்கே நிலைத்து நிற்க இயலாமற் பின்வாங்கினான். கண்டி மன்னருக்கு மலையே மதில், காடே அகழி. நல்ல பாதைகள் இல்லாதிருப்பதே நாட்டுக்குக் காவல் என்று அவர்கள் கருதினர். 1815இல் இராச்சியம் பிரித்தானியர் கையில் வீழ்ந்து, நாயக்கர் குலத்து இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்படும்வரை அக்காவல் பெரும்பாலும் பலித்தது.

வென்றவர்கள் முதலிற் செய்த வேலை அக்காவலை உடைப்பது. படையும் பீரங்கியும் ஏறிச்செல்லத் தக்க பெருந்தெரு ஒன்று வேண்டுமென்று தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் உறுதி பூண்டார். 1820ஆம் ஆண்டிலிருந்து கண்டித் தெரு உருவாயிற்று. அதன் அமைப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் அரச பொறியியற் படையைச் சேர்ந்த கப்டன் டோசன். கடுகண்ணாவையில் அத்தெரு ஒரு பெரும் பாறையைத் துளைத்துக்கொண்டு சென்றது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி பணியும் என்ற பழங்கதையை இத்துளையோடு சேர்த்து மக்கள் வழங்கலாயினர். உண்மையில், பாறை துளைபடுமுன்னரே கண்டி பணிந்துவிட்டது. டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட உயர்ந்த வெண்கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. ஆசியாவில் முதன்முதல் ஓடிய குதிரைத் தபால் வண்டி என்று சொல்லப்படும் கொழும்பு-கண்டி வண்டியும் அதே 1832இல் அத்தெருவில் ஓடத் தொடங்கிற்று.

படைக்கென அமைத்த தெரு விரைவிலே பணப்பயிருக்குப் பயன்பட்டது. மலைச்சாரல்களில் காடழித்துக் கோப்பி நடப்பட்டது. மூட்டைகள் மாட்டுவண்டிகளில் இறங்கிக் கொழும்புத் துறைமுகம் சேர்ந்தன. தோட்டத் தொழிலாளர் உண்ணும் அரிசியோ எதிர்த்திசையில் மலையேறியது. மழைக்காலத்தில் தெரு சேறாகிவிடும். மாடுகள் நோயால் மடியும். வண்டிகள் பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில், வழியிலே கிடக்கும். கள்வர் பயமும் உண்டு. மாவனல்லைக்கு அண்மையிலுள்ள உத்துவன்கந்தை மலையில் மறைந்திருந்து வழிப்பறி செய்த சரதியேல் என்பவன் 1864 மார்ச் மாதம் பிடிபட்டு, மே மாதம் கண்டியிலே தூக்கிலிடப்பட்டான். செல்வரிடம் பறித்து வறியவர்க்கு ஈந்தவன் என்று நாட்டுப்புறக் கதைகள் அவனைப் புகழ்கின்றன.

இத்தகைய இடர்களைக் கண்ட தோட்டத் துரைமார், இருப்புப்பாதை வேண்டுமென்று ஓயாது முறையிட்டனர். 1845இல் இலங்கைப் புகையிரதக் கம்பனி அமைந்தது. 1858 ஓகஸ்ட் 3ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கி வைத்தார். ஆயினும் செலவு மதிப்பீட்டை மீறிற்று, கம்பனி கைவிட்டது, அரசாங்கமே பொறுப்பேற்றது. 1863இல் வேலை பேவியல் என்னும் ஆங்கில ஒப்பந்தக்காரரிடம் அளிக்கப்பட்டது. இந்தியாவின் முதற் பயணிகள் பாதையான பம்பாய்-தானா பாதையை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையிலே போர்க் கணவாய் வேலையை மேற்கொண்டபோது, கூலி நிலுவைக்காகத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தமையும் அவர் வரலாற்றில் ஒரு பகுதி. 1859இல் அவ்வேலையை விட்டு விலகினார். ஒரு மலையிற் கைவிட்டதை மற்றொரு மலையில் முடித்தார் எனலாம். இலங்கையில் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய கில்போட் மோல்ஸ்வேர்த் பின்னர் இந்திய அரசுக்கு இருப்புப்பாதை ஆலோசகரானார்.

1864 டிசம்பர் 27ஆம் நாள் முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. அதற்கப்பாலுள்ள மலையே உண்மையான சோதனை. ரம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே தூரம் ஏறத்தாழ 12 மைல்; ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 1,400 அடி. ஆகவே ஒவ்வொரு 45 அடிக்கும் ஓரடி வீதம் பாதை உயர்கிறது. மாட்டுவண்டிக்கு இது பொருட்டன்று. இருப்புச் சக்கரத்துக்கோ பெருஞ் சுமை. வழுவழுப்பான தண்டவாளத்தின்மேல் வழுவழுப்பான சக்கரம் உருளுவதனாலேதான் சமதரையில் பெரும்பாரத்தைச் சிறுவிசையால் இழுக்க முடிகிறது. அந்த வழுவழுப்பே ஏற்றத்திற் பகையாகிவிடும். 300 தொன் எடையுள்ள ஒரு வண்டி அச்சரிவில் நிற்குமாயின், அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 6 1/2 தொன்னுக்கும் மேலாகும். வளைவுகளின் உராய்வை அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மழையில் தண்டவாளம் நனைந்தால் சக்கரம் சுழலும்; வண்டி நகராது. எஞ்சினிலிருந்து மணலைத் தூவிப் பிடிப்பை உண்டாக்குதல் அதற்கு மருந்து.

இதனாலேயே ரம்புக்கனை பெயர்பெற்ற நிலையமாயிற்று. மலையேறும் வண்டிக்கு அங்கே பின்புறத்தில் மற்றோர் எஞ்சினைச் சேர்ப்பது நீராவிக் காலத்தின் வழக்கம். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். இணைப்புக் கொளுவிகள் அறுந்துபோகாமற் காப்பதற்கும், வண்டி பின்னோக்கி உருண்டுவிடாமல் தாங்குவதற்கும் அதுவே துணை. கீழே பள்ளத்தாக்கில் நிற்பவர், மலையின் மடிப்புகளுள் மறைந்து மறைந்து வெளிப்படும் இரு புகைத்தூண்களைக் கொண்டே வண்டி எங்கே செல்கிறதென்று கூறிவிடுவர்.

பாதை அமைந்த விதமும் கருதத் தக்கது. அலகல்லை மலையின் செங்குத்தான பக்கத்தில் இயற்கையான தளம் இல்லை. பாறையைச் செதுக்கி ஒரு விளிம்பை உண்டாக்கி, அதன்மேல் தண்டவாளத்தை இட்டனர். செதுக்க இயலாத இடங்களில் துளைத்தனர். அவ்விளிம்பிற் புகழ்பெற்ற ஓரிடத்துக்கு ஆங்கிலேயர் 'சென்சேஷன் பாறை' என்று பெயரிட்டனர். மெய்சிலிர்க்கும் பாறை என்பது பொருள். சுரங்கத்தின் இருளிலிருந்து வெளிப்படும் பயணியின் காலடியில் நிலம் சட்டென்று மறைந்துவிடும். கீழே பல நூறு அடி ஆழத்தில் மரங்களின் தலைகள் மட்டுமே தெரியும்.

இந்த விளிம்பை வெட்டியவர் யார்? பொறியியலாளரின் பெயர் உண்டு. ஒப்பந்தக்காரரின் பெயர் உண்டு. தேசாதிபதியின் பெயரும் உண்டு. உளியும் கடப்பாரையும் ஏந்தி, வெடிமருந்துப் புகைக்குள் நின்று வேலை செய்தவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஏராளம். கணவாயின் அடிவாரத்திலே காய்ச்சல் பரவிப் பலரைக் கொண்டுபோயிற்று. டோசனுக்குக் கோபுரம் எழுந்தது போல அவர்களுக்கு ஒரு கோபுரம் எழவில்லை. அவர்கள் செதுக்கிய விளிம்பே அவர்களது நினைவுச்சின்னம். சாளரத்தருகே அமர்ந்து பள்ளத்தாக்கைக் கண்டு மகிழும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அவர்கள் கைவேலையின்மீதே அமர்ந்திருக்கின்றனர்.

1867ஆம் ஆண்டில் புகைவண்டி கண்டியை அடைந்தது. விதியின் விளையாட்டு என்றே சொல்லவேண்டும்: அதே 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டாண்டு கழித்து, 1869இல், கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பிக்காகப் பிறந்த பாதை கோப்பியை இழந்து, தேயிலையால் வாழ்ந்தது. பேராதனைச் சந்தியிலிருந்து பிரிந்த கிளை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. மற்றொரு பாதை கண்டியைக் கடந்து 1880இல் மாத்தளையைச் சென்றடைந்தது.

மாத்தளை என்னும் பெயர் தமிழர் செவிக்குச் சாதாரணமான ஊர்ப்பெயரன்று. தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியே நாட்கணக்காக நடந்து மலைநாட்டினுள் நுழைந்த வாயில் அது. கோப்பி மூட்டை வண்டியில் இறங்கிய காலத்திலும், அதனைப் பறித்த கைகள் நடந்தே ஏறின. 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் கொழும்பிலிருந்து புகைவண்டியிற் கண்டிக்கு வந்து, மாத்தளை சென்று, அங்கிருந்து அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் சாலைமார்க்கமாகவே பயணஞ் செய்தார். வடக்கே இருப்புப்பாதை அப்போது இல்லை. 1914இல் தலைமன்னார் வரை பாதை அமைந்து, தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், தொழிலாளரும் அவ்வழியே வந்து புகைவண்டியில் மலையேறினர். அவர்கள் நாவில் அதன் பெயர் 'கோச்சி'. மலையகத் தமிழில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

கண்டியைச் சூழ்ந்து புகைவண்டியைக் காண விழைவோருக்கு வரலாறே வழிகாட்டி. ரம்புக்கனை மேடையில் நின்றால், மலை தொடங்கும் இடத்தைக் காணலாம். பலனையில் நின்றால், அன்று காவலர் பகைவரை நோக்கிய திசையிலேயே இன்று வண்டியின் வரவை நோக்கலாம். வண்டி தோன்றுமுன் அதன் ஓசை மலையில் மோதி வருவதைக் கேட்கலாம். ரம்புக்கனைக்கு மேல் ஒற்றைப் பாதையாதலால், ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் நிலையங்களிலேதான் ஒன்றுக்கொன்று வழிவிட இயலும். பொறுமையுடன் காத்திருப்பவருக்கு ஒரே வேளையில் இரண்டையும் காணும் பேறு கிட்டும். கடுகண்ணாவை நிலையத்தில் ஏற்றம் முடிகிறது. மூச்சிரைத்து வந்த வண்டி அங்கே ஆறுதலடையும். 2014 டிசம்பர் 27ஆம் நாள், முதல் வண்டி ஓடிய 150ஆம் ஆண்டு நிறைவில், தேசிய புகையிரத அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டமை பொருத்தமே. மலையோடு போராடிய பழைய எஞ்சின்களின் இனத்தை, அவை போராடிய மலையின் உச்சியிலேயே காணலாம்.

பேராதனையிற் காட்சி வேறு. அங்கே ஏற்றமில்லை; ஆறு உண்டு. மகாவலி கங்கையைக் கடந்தே கண்டிப் பாதை செல்லவேண்டும். பெருந்தெருவுக்கென 1833இல் முதிரை மரத்தால் ஒரே வளைவாகக் கட்டப்பட்ட புகழ்பெற்ற பாலம் 1905இல் அகற்றப்பட்டது. புகைவண்டிக்கோ இரும்புப் பாலம் வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்த பின்னர், மாணவர் பரம்பரைகள் பல இப்பாதையில் வந்திறங்கின. 1956இல், புகையிரதப் பகுதியின் தலைவராயிருந்த ரம்பால அவர்களின் காலத்திலே, யாழ்ப்பாணத்துக்கு 'யாழ்தேவி'யும் மலைநாட்டுக்கு 'உடரட்ட மெனிக்கே'யும் ஓடத் தொடங்கின. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் 1954 முதல் வந்தன. ஒன்ராறியோ, அல்பேட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி அவை கண்டி மலையேறின. இரட்டைப் புகைத்தூண்கள் மெல்ல மெல்ல மறைந்தன.

எனினும், நிலைய மேடையில் நின்று வண்டியைப் பார்ப்பது எல்லாருக்கும் எக்காலத்தும் இன்பமாக இருந்ததில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவராக்கப்பட்டிருந்த 9,75,000 மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள், கண்டியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பத்திரம் பெற்று, தட்டுமுட்டுச் சாமான்களோடு நிலையத்துக்கு வந்தனர். ஒரு குடும்பத்தில் அண்ணன் போக, தம்பி நின்றான். மகள் நிற்க, தாய் போனாள். வண்டிக்குள்ளிருந்தும் மேடையிலிருந்தும் ஒரே வேளையில் அழுகுரல் எழுந்தது. அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னாரை நோக்கிச் சென்ற அவ்வண்டி வளைவில் மறையும்வரை கண்ணெடுக்காமற் பார்த்து நின்றவர்களைப் போல், புகைவண்டியைக் கூர்ந்து பார்த்தவர் வேறெவருமிலர். பாட்டன் நடந்து வந்த வழியைப் பேரன் புகைவண்டியில் திரும்பிக் கடந்தான்.

மலையும் தன் பங்குக்குப் பாதையைச் சோதித்தே வருகிறது. பெருமழை தோறும் மண் சரிவதும், தண்டவாளம் புதைவதும், மண்வெட்டியோடு மனிதர் திரள்வதும் இக்கணவாயின் வழமை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது மலைநாட்டுப் பாதை பெருஞ் சேதமடைந்தது. முதன்முறை செதுக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதை மலை அவ்வப்போது நினைவூட்டுகிறது. பாதையை நாள்தோறும் நடந்து பார்த்து, தளர்ந்த ஆணியை இறுக்கி, அடைபட்ட வாய்க்காலைத் திறந்துவிடும் தொழிலாளர் இல்லையேல், 1867இன் சாதனை ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

வண்டியைப் பார்க்கச் செல்வோர் மறக்கலாகாத ஒன்றுண்டு. தண்டவாளத்தின்மீதும் சுரங்கத்துள்ளும் நிற்பது உயிரோடு விளையாடுவதாகும். விளிம்பிற் பாதைக்கென்றே இடம் செதுக்கினரேயன்றி, ஒதுங்கி நிற்பவருக்கென்று செதுக்கவில்லை. நிலைய மேடையும், பெருந்தெருவின் ஓரமும், எதிர்க்குன்றின் சரிவுமே தக்க இடங்கள்.

அத்தகைய ஓரிடத்தில் மாலைவேளையிற் சற்றே நிற்பவர் முதலில் ஒன்றும் காணார். கடுகண்ணாவைக் கோபுரம் வெண்மையாகத் தெரியும். அலகல்லையின் மேல் முகில் இறங்கும். பின்னர் மலைக்குள்ளிருந்து ஓர் ஓசை கேட்கும். நின்றுவிட்டதோ என்று ஐயுறும்படி அது மறையும். மீண்டும் அண்மையில் எழும். கடைசியில் பாறை விளிம்பின் வழியே, ஒவ்வொரு பெட்டியாக, அவசரமின்றி வண்டி வெளிப்படும். அது மெதுவாகச் செல்வதனாலேயே பெட்டிகளை எண்ணலாம். சாளரத்து முகங்களைக் காணலாம். அவ்விளிம்பை வெட்டியவர்களையும், அவ்வழியே மலையேறி வந்தவர்களையும், அழுதுகொண்டே இறங்கிப் போனவர்களையும் நினைப்பதற்கும் அந்த மெல்லிய நடை நேரம் தருகிறது.